'ஆம்' என்பவர் யார்?

மனைவி கணவனுக்கு எப்போதும் கீழ்ப்படிய வேண்டுமா? 2019-20ல் பியூ ஆய்வு மையம் நாடெங்கும் சுமார் 30,000 பேரிடம் கேட்டது. நூற்றுக்கு 87 பேர் 'ஆம்' கட்சி. பெண்களும் பெரும்பாலும் அதே பக்கம்தான்!

இதைவிட உறுத்துவது 2019-21ன் தேசியக் குடும்பநல ஆய்வு. ஏதேனும் ஒரு காரணத்துக்காகக் கணவன் அடிப்பது நியாயமே என்ற பெண்கள் 45 சதவீதம்; ஆண்கள் 44. அதிகம் பேர் ஒப்புக்கொண்ட காரணம், மாமனார் மாமியாரை மதிக்காதது. மருமகளாய்ப் பட்டவளே பிறகு மாமியாராகி, தான் பொறுத்ததை 'முறை' என்கிறாள் என்பது என் எண்ணம்.

படிப்பு மட்டும் போதுமா? எழுத்தறிவில் பெயர்பெற்ற கேரளத்தில் 52 சதவீதப் பெண்கள் 'நியாயம்' என்கிறார்கள், இமாசலத்தில் 15தான். தெலங்கானாவிலோ 84! தெற்கத்தியப் பெருமையைச் சற்று ஒதுக்கி வைப்போம்.

வீட்டில் இதைக் கேட்டேன். மனைவி வாய் திறக்குமுன் அம்மாவே பதில் சொல்லிவிட்டார்.