மாநிறக் கன்னத்தில் சிவப்பை எப்படி அளப்பது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உலையருகே நிற்பவருக்கு முகம் காந்தினால் 'உடம்புச் சூடு' என்று விட்டுவிடுகிறோம். அது ரோசேசியா என்ற தோல்நோயாகவும் இருக்கலாம், வெப்பம் அதைத் தூண்டும்.

அதன் தீவிரத்தைச் சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது. மருத்துவர் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பெண் தருகிறார்: சிவப்புக்கு 0 முதல் 4 வரை, பருக்களுக்கும் சீழ்க்கொப்புளங்களுக்கும் தனி அளவுகோல்.

ஆனால் நம் தோலில் மெலனின் சிவப்பை மறைக்கிறது. 3 பெறவேண்டிய கன்னம் 1 போலத் தெரியலாம். அதனால் கண்ணாடித் தகட்டால் அழுத்திப் பார்க்கிறார்கள்: ரத்தம் விலகித் தோல் வெளுத்து, எடுத்ததும் நிறம் திரும்பினால், அது ரத்த நாளங்கள் விரிந்ததால் வந்த சிவப்பு. டெர்மோஸ்கோப் என்ற தோல் உருப்பெருக்கியில் அந்த நாளங்களையே காணலாம். எரிச்சல் எவ்வளவு என்று நோயாளியைக் கேட்காமல் போடும் மதிப்பெண் அரைகுறைதான்.

கன்னத்தில் சிவப்பு லேசாக இருந்தும் கண் உறுத்திச் சிவந்தால், நோய் கண்ணையும் தொட்டிருக்கலாம்; கண் மருத்துவரையும் பார்க்கவேண்டும். கடையில் நாமாக வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு வேண்டவே வேண்டாம். நிறுத்தியதும் சிவப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பலாம்.