ஸ்பீக்கர் வாங்குறதுக்கு முன்னாடி, எங்க கேக்கப் போறீங்கன்னு யோசிங்க

"அஞ்சாயிரம் ரூபாய்க்குள்ள நல்ல ஸ்பீக்கர் ஒண்ணு சொல்லுங்க"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. இந்த எபிசோடுல நான் மாடல் பேரு எதுவும் சொல்லப் போறதில்ல. பதிலுக்கு உங்களை ஒரு கேள்வி கேக்குறேன்: எங்க இருந்து பாட்டு கேக்கப் போறீங்க? ஹால்லயா, மொட்டை மாடியிலயா, பஸ்லயா? பாதி முடிவு அந்தப் பதில்லயே இருக்கு.

முதல்ல டப்பா மேல இருக்கிற நம்பர். '2000 வாட்ஸ் பிஎம்பிஓ'ன்னு பெருசா போட்டிருந்தா அதை நம்பாதீங்க. அதை இப்படித்தான் அளக்கணும்னு பொதுவான விதி எதுவும் கிடையாது. ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு பாருங்க. ஒரு ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்குற சக்தி ஏறக்குறைய அதுதான். இதுலயும் ஒரு விஷயம்: வாட்ஸ் ரெண்டு மடங்கு ஆனா சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேணும். அதனால 10 வாட்ஸுக்கும் 20 வாட்ஸுக்கும் நடுவுல நீங்க நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் இருக்காது.

இப்ப வீட்டுக்குள்ள வருவோம். நம்ம வீடுகள்ல டைல்ஸ் தரை, வெறும் சுவர். சத்தம் அதுல பட்டுத் திரும்பி வந்து, பாடுறவங்க குரலைக் குழப்பிடும். திரைச்சீலை, மெத்தை, புத்தக அலமாரி இதெல்லாம் அந்த எதிரொலியைக் குறைக்கும். ஸ்பீக்கரை மூலையில வெச்சா பேஸ் ஊதிப் பெருத்து 'தொம் தொம்'னு கேக்கும். அப்படிக் கேட்டா சுவர்ல இருந்து ஓரடி, ரெண்டடி தள்ளி வெச்சுப் பாருங்க. ரெண்டு ஸ்பீக்கர் இருந்தா, அதுங்களும் நீங்களும் ஒரு முக்கோணத்தோட மூணு முனையில இருக்கணும். ஸ்பீக்கர் உங்க காது உயரத்துல இருக்கட்டும். இதுக்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.

மொட்டை மாடியில கதையே வேற. பேஸைத் தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லை. வீட்டுக்குள்ள கம்பீரமா இருந்த ஸ்பீக்கர் அங்க மெலிஞ்சு போகும். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். அதனால தூரத்துல ஒரு பெரிய ஸ்பீக்கர் வைக்கிறதை விட, பக்கத்துல ரெண்டு சின்ன ஸ்பீக்கர் வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் நல்லது. அப்புறம் 'ஐபிஎக்ஸ்7'னு போட்டிருந்தா, ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணியில 30 நிமிஷம் தாங்கும்னு அர்த்தம். கடல் தண்ணிக்கும் மணலுக்கும் அந்த உத்தரவாதம் செல்லாது.

ப்ளூடூத் பத்தி ஒரு வார்த்தை. எல்டிஏசி கோடெக் நொடிக்கு 990 கிலோபிட் வரைக்கும் அனுப்பும். ஆனா போன், ஸ்பீக்கர் ரெண்டுலயும் அது இருக்கணும். ஐபோன்ல அது கிடையாது. உங்க ஆப் 'டேட்டா சேவர்'ல ஓடிட்டிருந்தா எந்தக் கோடெக்காலும் போன தரத்தைத் திருப்பித் தர முடியாது. முதல்ல ஆப் செட்டிங்ஸைப் பாருங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன்: பஸ், மின்சார ரயில். இங்க பாட்டோட போட்டி போடுறது இன்ஜின் இரைச்சல். அதை ஜெயிக்க நாம வால்யூமை ஏத்திக்கிட்டே போறோம். உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதல்படி 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம். 100 டெசிபல்னா 20 நிமிஷம்தான், அதுவும் ஒரு வாரம் முழுசுக்கும். உள்காதுல ஒலியை உணர்ற செல்கள் செத்துப்போனா திரும்ப முளைக்காது. இயர்போனைக் கழட்டின பிறகும் காதுல 'ஙொய்'னு சத்தம் கேட்டா அது எச்சரிக்கை.

அதனால வெளியில போறவங்க, சத்தத்தை ஏத்துற கருவியை விட இரைச்சலைத் தடுக்கிற கருவிக்குக் காசு போடுங்க. டப்பாவுல வர்ற மூணு சைஸ் சிலிகோன் டிப்ஸையும் மாட்டிப் பாருங்க. சரியா பொருந்துறது எதுவோ, அதுல பேஸ் தானா கூடும், வால்யூமைக் குறைக்கவும் முடியும். நாய்ஸ் கேன்சலிங் இன்ஜின் உறுமலை நல்லா அடக்கும். ஹாரனையும் பேச்சையும் அந்த அளவுக்கு அடக்காது. ஆனா ரோடு கிராஸ் பண்ணும்போது மட்டும் கழட்டிடுங்க, ப்ளீஸ்.

ஆக, ஒரு நாள்ல நீங்க அதிக நேரம் எங்க பாட்டு கேக்குறீங்களோ, பட்ஜெட்டை அங்க போடுங்க. ஆனா இன்னைக்கு ராத்திரி முதல் வேலையா ஸ்பீக்கரை மூலையில இருந்து நகர்த்துங்க, டிப்ஸை மாத்துங்க, ஆப் செட்டிங்ஸைத் திறங்க. அதுக்கப்புறமும் பத்தலைன்னா கடைக்குப் போகலாம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.