கண்ணாடிக் குடுவைக்குள் இருந்த இதயம்

எக்கோ பரிசோதனை முடிந்து, குழந்தையின் இதயத்தில் பிறவிக் குறை இருப்பதை நாங்கள் தெரிவிக்கும்போது பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இது எதனால் வந்தது? குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது, இப்போதே சிகிச்சை வேண்டுமா? சில தாய்மார்கள் வேறொரு கேள்வியை மனத்துக்குள்ளேயே வைத்திருந்து, மற்றவர்கள் வெளியே சென்றபின் தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு: “கிரகணத்தன்று நான் வெளியே வந்தேன், அதனால்தானா?”

இல்லை. குழந்தையின் இதயம் கருவுற்ற முதல் எட்டு வாரங்களுக்குள் உருவாகிவிடுகிறது. தாம் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அறியாத காலம் அது. சில குழந்தைகளில் மரபணு மாற்றமும், சிலரில் தாய்க்கு ஏற்பட்ட ரூபெல்லாத் தொற்று, கட்டுக்குள் இல்லாத சர்க்கரைநோய், சில வகை மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். பெரும்பாலோரில் இன்னதென்று ஒரு காரணத்தைச் சுட்ட இயலுவதில்லை. ஏறத்தாழ 100 குழந்தைகளில் ஒருவர் ஏதேனும் ஓர் இதயக் குறையுடன் பிறக்கிறார். அதற்காக எந்தத் தாயும் தம்மைக் குற்றவாளியாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

குறை எங்கே இருக்கிறது, எப்போது சிகிச்சை செய்யவேண்டும் என்பனவற்றை இன்று எங்களால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று தேடிச் சென்றால், கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரிலிருந்த ஒரு மருத்துவ அருங்காட்சியகத்தையும், அதன் காப்பாளராகப் பணியாற்றிய மோட் அபட் என்ற பெண் மருத்துவரையும் சென்றடைவோம்.

மறுக்கப்பட்ட வாசல், கிடைத்த இடம்

அபட் 1869இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தார். மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1890இல் பட்டம் பெற்று, அங்கேயே மருத்துவம் பயில விண்ணப்பித்தார். பெண் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. அதே நகரில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட பிஷப்ஸ் கல்லூரியில் பயின்று 1894இல் மருத்துவரானார். தமக்கைக்கு மனநோய் ஏற்பட்டபின், அவரைப் பராமரிக்கும் பொறுப்பையும் அபட்டே நெடுங்காலம் சுமந்தார். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு வேலைக்கும் செல்வது எத்தகைய பாரம் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாங்கள் விளக்கவேண்டியதில்லை.

மாணவியாகத் தம்மை ஏற்காத அதே மெக்கில், 1898இல் அவரை மருத்துவ அருங்காட்சியகத்தின் உதவிக் காப்பாளராக நியமித்தது. அன்றைய நிலையில் அது பெருமைக்குரிய பதவியன்று. பிணக்கூறாய்வில் எடுக்கப்பட்டுப் பதனப்படுத்தப்பட்ட உறுப்புகள் குடுவைகளில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை வகைப்படுத்திப் பட்டியலிடுவதே வேலை.

அவ்வாண்டிலேயே, பிற அருங்காட்சியகங்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்று அறிய அவர் அமெரிக்கா சென்றார். பால்டிமோர் நகரில் புகழ்பெற்ற மருத்துவ ஆசிரியர் வில்லியம் ஆஸ்லரைச் சந்தித்தார். முன்பு மான்ட்ரியலில் பணியாற்றிய ஆஸ்லர், தாமே கூறாய்வு செய்த பல உறுப்புகளை மெக்கிலில் விட்டுச் சென்றிருந்தவர். அருங்காட்சியகம் கற்பித்தலுக்கு எத்தகைய வாய்ப்பு என்பதை அவர் அபட்டுக்கு உணர்த்தினார்.

அக்காலத்தில் எக்கோ கிடையாது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. நெஞ்சில் கேட்கும் ஓசைக்குப் பொருள் என்ன என்பதை, நோயாளி இறந்தபின் உறுப்பைப் பார்த்தே மருத்துவர்கள் உறுதிசெய்துகொண்டனர். அவ்வறிவு ஒருவரோடு அழிந்துவிடாமல் அடுத்த தலைமுறைக்குச் செல்வதற்கான இடமே அருங்காட்சியகம். அபட் உறுப்பைக் கையில் எடுத்து, அதற்குரியவர் எவ்வாறு நோயுற்றார், மருத்துவர் என்ன கண்டார், எவ்வாறு இறந்தார் என்று மாணவர்களுக்கு விளக்கினார். விருப்பமுள்ளவர்கள் தாமாகத் தேடி வந்த அந்த வகுப்பு, பின்னர் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாயிற்று.

பெயர்ச்சீட்டு இல்லாத இதயம்

அலமாரியில் இருந்த விந்தையான ஓர் இதயம் அவர் கவனத்தை ஈர்த்தது. இயல்பான இதயத்தில் கீழே இரண்டு அறைகள் இருக்கும். இதில் ஒரே பெரிய கீழறையும், அதனோடு இணைந்த சிறிய அறையொன்றும் இருந்தன. யாருடைய இதயம், அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதற்குக் குறிப்பு ஏதும் அதனுடன் இல்லை. அபட் ஆஸ்லரிடம் விசாரித்தார். மெக்கில் மருத்துவப் பள்ளியின் நிறுவனர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ ஹோம்ஸ், அந்த இதயத்தைப் பற்றி 1824இலேயே ஒரு கட்டுரை எழுதியிருந்தது தெரியவந்தது. கட்டுரையும் குடுவையும் ஒன்றுசேர்ந்தபோது, காட்சிப்பொருளாக இருந்தது ஓர் இளைஞரின் நோய் வரலாறாயிற்று. அபட் 1901இல் அதனை மீண்டும் வெளியிட்டார். ‘ஹோம்ஸ் இதயம்’ என்ற பெயர் மருத்துவ உலகில் இன்றும் வழங்குகிறது.

வரலாற்றோடு சேராத உறுப்பு எதையும் கற்பிக்காது என்பதை அபட் அப்போதே உணர்ந்திருக்கவேண்டும். அதன்பின் பிறவி இதயக் குறைகளைப் பற்றி, தாம் கண்டவற்றோடு பிற மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளையும் சேகரித்து, ஒவ்வொருவரின் அறிகுறியையும் இதய அமைப்பையும் ஒப்பிட்டார். ஆஸ்லரின் வேண்டுகோளின்படி அவர் எழுதிய நூல் அத்தியாயம் 1908இல் வெளிவந்தபோது அதில் 412 நோயாளிகளின் தகவல்கள் இருந்தன. முந்தைய ஆண்டு நேர்ந்த தீவிபத்தில் அருங்காட்சியகத்தின் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியவற்றோடு அவர் மீண்டும் தொடங்கினார். 1906இல் உருவான சர்வதேச மருத்துவ அருங்காட்சியகங்கள் சங்கத்தின் செயலாளராகவும், அதன் இதழாசிரியராகவும் பல்லாண்டுகள் உழைத்தார். 1932இல் லண்டனில் நடந்த பிரிட்டிஷ் மருத்துவச் சங்க நூற்றாண்டு விழாவில், பிறவி இதயநோய்களைப் படங்களாலும் வரைபடங்களாலும் மருத்துவர்களுக்கு விளக்கும் கண்காட்சியை அமைத்தார். 1936இல் அவர் வெளியிட்ட பிறவி இதயநோய் வரைபடத் தொகுப்பு 1,000 நோயாளிகளின் தகவல்களை அடிப்படையாகக் கொண்டது.

மூன்று வகைகள்: உங்கள் கேள்விக்கு விடை

இதயத்தின் வலப்பக்கம், உயிர்வளி குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம், உயிர்வளி நிறைந்த இரத்தத்தை உடலெங்கும் அனுப்புகிறது. இவ்விரண்டும் கலக்கின்றனவா, எத்திசையில் கலக்கின்றன என்பதைக்கொண்டு அபட் பிறவிக் குறைகளை மூன்று வகையாகப் பிரித்தார்.

முதல் வகையில் கலப்பு இல்லை. பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருப்பது இதற்கு எடுத்துக்காட்டு. குழந்தைக்கு நீலம் பாரிப்பதில்லை.

இரண்டாம் வகையில் இரு பக்கங்களுக்கும் இடையே திறப்பு இருக்கும். இடப்பக்க அழுத்தம் மிகுதியாதலால் நல்ல இரத்தம் வலப்பக்கம் பாய்ந்து மீண்டும் நுரையீரலுக்கே செல்கிறது. இங்கும் தொடக்கத்தில் நீலம் இராது. ஆனால், திறப்பு பெரியதாக இருந்து பல்லாண்டுகள் மூடப்படாவிட்டால், நுரையீரல் இரத்தக்குழாய்கள் தடித்து இறுகி, அழுத்தம் உயர்ந்து, இரத்தம் எதிர்த்திசையில் பாயத் தொடங்கும். அப்போது நீலம் தோன்றும். அந்நிலையை அடைந்தபின் திறப்பை மூடுவது உயிருக்கே ஆபத்தாகும்.

மூன்றாம் வகையில் உயிர்வளி குறைந்த இரத்தம் தொடக்கத்திலேயே உடலுக்குச் செல்கிறது. ‘நீலக் குழந்தைகள்’ இவ்வகையினர். ஃபாலோ குறைபாடு எனப்படுவது இவற்றுள் அதிகம் காணப்படுவது.

“நன்றாகத்தானே விளையாடுகிறான், இன்னும் சில ஆண்டுகள் போகட்டுமே” என்று கேட்கும் பெற்றோருக்கு விடை அந்த இரண்டாம் வகையில் இருக்கிறது. சிறிய துளைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். அவற்றுக்கு நாங்களே காத்திருக்கச் சொல்வோம். பெரிய துளைக்கு ஒரு காலம் உண்டு, அது கடந்தால் திரும்பாது. குழந்தை பால் குடிக்கும்போது களைத்து வியர்ப்பது, எடை ஏறாதிருப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளியுடன் காய்ச்சல் வருவது, உதடும் நாக்கும் நீலமாவது, ஓடியபின் குந்தி உட்கார்ந்துகொள்வது ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவர் காணாத நாள்

அபட் 1940இல் மறைந்தார். அவர் திரட்டிய நோயாளிகளுள் மிகப் பலர், சிகிச்சை என்ற ஒன்றே இல்லாத காலத்தில் இறந்தவர்கள். ஹெலன் டாசிக் என்ற இளைய மருத்துவர் அவரைத் தேடிச் சென்று கற்றவர்களுள் ஒருவர். நீலக் குழந்தைகளின் நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் செல்ல வழி அமைத்தால் அவர்கள் பிழைக்கலாம் என்று டாசிக் கருதினார். விவியன் தாமஸ் ஆய்வுக்கூடத்தில் முறையை உருவாக்கித் துணைநிற்க, ஆல்ஃபிரட் பிளாலாக் 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோரில் அந்த அறுவை சிகிச்சையை முதன்முதலாகச் செய்தார். அதன் மாற்றி அமைக்கப்பட்ட வடிவம் இன்றும் கைக்குழந்தைகளுக்குச் செய்யப்படுகிறது.

உங்கள் ஒப்புதல்

இவ்வரலாற்றில் ஒரு வேதனையான பக்கமும் உண்டு. அந்நாளில் உறுப்பைப் பாதுகாத்து வைக்கக் குடும்பத்தாரின் ஒப்புதலை இன்றுபோல் முறையாகக் கேட்கும் வழக்கம் இல்லை. 1999இல் இங்கிலாந்தில், இறந்த குழந்தைகளின் இதயங்களும் பிற உறுப்புகளும் பெற்றோர் அறியாமலே பாதுகாக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டபோது, அப்பெற்றோர் இரண்டாம் முறையாகத் துயருற்றனர். அதன் விளைவாக அங்கு 2004இல் மனிதத் திசுச் சட்டம் இயற்றப்பட்டது.

அப்பாடத்தை நாங்கள் மறப்பதில்லை. கற்பித்தலுக்காக உறுப்பையோ திசுவையோ வைத்துக்கொள்ள நாங்கள் விரும்பினால், எதற்காக என்று விளக்கி உங்களிடம் எழுத்து மூலம் கேட்போம். நீங்கள் மறுக்கலாம். மறுப்பதால் சிகிச்சையிலோ எங்கள் மரியாதையிலோ சிறிதும் குறைவு நேராது. படிவம் புரியவில்லையெனில், புரியும்வரை கேளுங்கள்.

உங்கள் வீட்டிலுள்ள கோப்பு

இருபது வயது கடந்த இளைஞர்கள் சிலர் எங்களிடம் வருகிறார்கள். நெஞ்சில் நீண்ட தழும்பு இருக்கிறது. “சின்ன வயதில் இதயத்தில் ஆபரேஷன் செய்தார்கள். என்ன ஆபரேஷன் என்று தெரியாது” என்கிறார்கள். வீடு மாறியபோது காகிதங்கள் தொலைந்திருக்கும், அல்லது மழையில் நனைந்திருக்கும். குறிப்பின்றிக் குடுவையில் இருந்த அந்த இதயம்தான் எங்கள் நினைவுக்கு வருகிறது. அபட்டுக்கு ஹோம்ஸின் கட்டுரை கிடைத்தது. எங்களுக்குப் பல நேரங்களில் எதுவும் கிடைப்பதில்லை. மீண்டும் பல பரிசோதனைகள் செய்து நாங்கள் ஊகிக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே, டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்கோ அறிக்கைகள், பொருத்தப்பட்ட வால்வு அல்லது கருவியின் அட்டை ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, குடும்பத்தில் இருவரிடமாவது இருக்கச் செய்யுங்கள். குழந்தை வளர்ந்து பள்ளி இறுதி வகுப்பை எட்டும்போது, தன் இதயத்தில் என்ன குறை இருந்தது, என்ன செய்யப்பட்டது என்பதைத் தன் வாயாலேயே சொல்லப் பழக்குங்கள். நலமாக இருப்பதாகத் தோன்றினாலும், நாங்கள் குறித்துக் கொடுக்கும் மறுபரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள். வரும்போது அந்தக் கோப்பையும் கையோடு கொண்டுவாருங்கள்.