வேம்பு எவன் வீட்டுச் சொத்து?

காரைக்குடிப் பக்கம் குதிரில் நெல்லோடு காய்ந்த வேப்பிலை போடும் அப்பத்தாவைக் கேளுங்கள், தோழர்களே! "பூச்சி அண்டாது" என்பாள். எந்தக் கல்லூரியில் கற்றாள்? எவனிடம் உரிமைச் சீட்டு வாங்கினாள்?

வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சணத்தை அடக்கும் முறை எங்கள் கண்டுபிடிப்பு என்று அமெரிக்க விவசாயத் துறையும் கிரேஸ் கம்பெனியும் சொந்தம் கொண்டாடின. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-ல் உரிமையும் தந்தது! விந்தையல்லவா? வந்தனா சிவா முதலானோர், இந்தியாவில் ஏற்கெனவே வழங்கிய முறை அது என்று சான்று காட்டி வாதாடினர். 2000-ல் உரிமை ரத்தாயிற்று. மேல்முறையீடும் 2005-ல் தோற்றது.

ஆனி, ஆடியில் பழம் உதிரும். கொட்டையை உடனே ஊன்றுங்கள். சில வாரம் பரணில் கிடந்தால் முளைப்புத் திறன் போய்விடும். நம் வறண்ட செம்மண் போதும். நீர் தேங்கக் கூடாது. ஆட்டுக்கு எட்டாமல் முள் கட்டுங்கள் (வேப்பங்குழை என்றால் ஆட்டுக்குக் கசப்பே தெரியாது!).

எண்ணெய் விளக்குக்கும் சிரங்குக்கும் ஆயிற்று, பிண்ணாக்கு வயலுக்கு. 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது இந்திய அரசு. கொட்டைக்குக் கிராக்கிதான். வெயிலில் குனிந்து பொறுக்கும் பெண்ணுக்கு வியாபாரி படிக்கு என்ன தருகிறான்? அடுத்த சந்தையில் கேட்டுப் பாருங்கள்.