நம்மாழ்வார் நெறியும் நம் அரிசிக் கடையும்



கூத்தாநல்லூரில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரிசி மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். ஒரு காலத்தில் பொன்னி, ஐ.ஆர். 20 என்றுதான் மூட்டைகள் இறங்கும். இன்றோ மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். இந்த மாற்றத்துக்கு வித்திட்டவர்களை வணிகர்களாகிய நாமும் அறிந்திருக்க வேண்டும்.

தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-இல் பிறந்தவர் கோ. நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் பணியாற்றினார். இடுபொருள் செலவு மானாவாரி விவசாயிக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டு அந்த வேலையை உதறினார். 2004 சுனாமியில் உப்பேறிய நாகை வயல்களை மீட்கப் பாடுபட்டார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். கரூர் மாவட்டம் கடவூரில் அவர் அமைத்த வானகம் அவரது நெறியைக் கற்பித்து வருகிறது.

அவர் வழி நின்றவர் நம் மாவட்டத்து நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை பெறும் விவசாயி, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். இப்படியே 174 ரகங்களை மீட்டு, 2018-இல் மறைந்தார்.

விவசாயி தன் கடமையைச் செய்துவிட்டார். விளைந்தது விலை போனால்தான் மறுபடி விதைப்பார். ஆகவே இந்த நெறியைக் காப்பதில் பாதிப் பொறுப்பு நம் கல்லாப்பெட்டியருகே இருக்கிறது.

இதை நாம் பட்டுத்தான் அறிந்தோம். ஒரு வருடம் பூங்கார் பற்றாக்குறையானபோது, வேறு சிவப்பரிசியைக் கலந்து அனுப்பிவிட்டோம். சில்லறைக் கடைக்காரர் ஒருவர் மூட்டையோடு திரும்பி வந்தார். "முதலாளி, பாதி வெந்து பாதி வேகவில்லை என்று அந்தம்மா என் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்கள். உங்கள் பேச்சை நம்பித்தானே பெயர் சொல்லி விற்றேன்?" என்றார். பணத்தைத் திருப்பித் தந்தோம். ஆனாலும் இரண்டு வருடம் அவர் நம் கடைப் படி ஏறவில்லை.

அன்று முதல் நாம் கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறோம். ரகத்துக்கொரு மூட்டை, மூட்டைக்கொரு பெயர்ச்சீட்டு. சரக்கு இல்லையென்றால் இல்லை என்றே சொல்வது. தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ப்பசை உண்டு. சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் ஏறும். எனவே சிறுகச் சிறுக வாங்குவது நல்லது. கவுனியைக் கழுவினால் தண்ணீர் கருநீலமாவது அதன் இயல்பு. இரவே ஊறவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முக்கியமாக ஒன்று. பாரம்பரிய ரகம் வேறு, இயற்கை விளைச்சல் வேறு. மாப்பிள்ளைச் சம்பாவையும் உரம் போட்டு விளைவிக்கலாம். 2017-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, கடையில் 'ஆர்கானிக்' என்று எழுதி விற்கச் சான்றிதழ் வேண்டும். அது இல்லையேல் ரகத்தின் பெயரை மட்டும் சொல்லி விற்பதே முறை.

ஏறத்தாழ ஆறு மாதப் பயிர் காட்டுயானம். அத்தனை நாள் காத்திருந்து விளைவித்தவர் கொடுத்த பெயரை, நம் கடையில் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடலாகாது. நெல்லைக் காத்தவர்களுக்கு வணிகர் செலுத்தும் நன்றி அதுவே.