லென்ஸுக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி

புதிய லென்ஸ் வாங்குபவரிடம் கூடவே ஒரு யுவி ஃபில்டரையும் தள்ளிவிடுவது கேமராக் கடைகளின் பழக்கம். பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல்லில் விற்பனை முடிந்துவிடும். ஆனால் அந்தக் கண்ணாடி பாதுகாப்புக்காக உருவானதல்ல. ஃபிலிம் காலத்தில் அதற்கு உருப்படியான வேலை இருந்தது. நீல ஒளியைப் பதியும் ஃபிலிம் அடுக்கு, 400 நானோமீட்டருக்குக் கீழுள்ள புற ஊதாக் கதிர்களையும் சேர்த்துப் பதிந்துகொள்ளும். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதா ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்பதால், மலைப் படங்களில் தொலைவு நீலம் பாய்ந்து மங்கிக் கிடக்கும். டிஜிட்டல் கேமராவிலோ புற ஊதாவையும் அகச்சிவப்பையும் வடிகட்டும் தகடு சென்சாரின் மேலேயே இருக்கிறது. அதற்கு முன்பே லென்ஸின் கண்ணாடிகளும் ஒரு பங்கை உறிஞ்சிவிடுகின்றன. வேலை போனபின்பும் ஃபில்டர் மட்டும் பதவியில் நீடிக்கிறது.

சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே என்றால், அது சும்மா இருப்பதில்லை. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சின் வழிவந்த பல்லடுக்குப் பூச்சுகள், நல்ல ஃபில்டர்களில் இதை அரை சதவீத அளவுக்குக் குறைத்துவிட்டன. பகலில் இந்த அரை சதவீதம் யார் கண்ணிலும் படாது. இருட்டில் எரியும் தெருவிளக்கைப் படமெடுக்கும்போதுதான் வினை. சென்சாரின் பளபளப்பான பரப்பில் குவிந்த ஒளியில் ஒரு பகுதி வந்த வழியே லென்ஸுக்குள் திரும்பி, இணைகதிர்களாக வெளியேறும். எதிரே நிற்பது தட்டையான ஃபில்டர். அது கதிர்களின் இணைத்தன்மையைக் குலைக்காமல் உள்ளே திருப்பிவிடும். அவை மீண்டும் சென்சாரிலேயே கூர்மையாகக் குவியும். படத்தின் மையத்துக்கு மறுபக்கம், அதே தூரத்தில், தலைகீழாக இன்னொரு விளக்கு முளைத்திருக்கும். தட்டையாக இருப்பதுதான் இங்கே குற்றம். நிக்கானின் சில பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ்களில் நிறுவனமே முன்னால் ஒரு காப்புக் கண்ணாடி வைத்திருக்கிறது; அது வளைந்த கண்ணாடி. திரும்பும் கதிர்கள் குவியாமல் சிதறிப்போகும்.

கீழே விழுந்தால் ஃபில்டர்தானே காப்பாற்றும் என்பார்கள். ஃபில்டர் நொறுங்கி லென்ஸ் பிழைத்த கதைகளும் நிறைய உண்டு. அப்பளம் நொறுங்கியதை வைத்து, அது இல்லாதிருந்தால் தட்டு உடைந்திருக்கும் என்று சொல்ல முடியுமா? ஃபில்டர் ஓரிரு மில்லிமீட்டர் மெல்லிய கண்ணாடி. லென்ஸின் முன்கண்ணாடி அதைவிடப் பல மடங்கு தடிமனானது. ஃபில்டரை உடைக்கப் போதுமான அடி அதை உடைக்கப் போதாது. போதாக்குறைக்கு, உடைந்த சில்லுகளே முன்கண்ணாடியைக் கீறலாம். நசுங்கிய வளையம் மரையில் இறுகிக் கழலாமலும் போகலாம். விழும்போது அடியைத் தாங்க லென்ஸ் ஹூட் போதும். அது பக்கவாட்டு வெளிச்சத்தையும் மறைக்கிறது. ஒளியின் பாதையில் குறுக்கே நிற்பதும் இல்லை. கீறலைப் பற்றிய பயமும் மிகைதான். முன்கண்ணாடியில் இருக்கும் சிறு கோடு ஃபோகஸுக்கு வெகுதூரம் வெளியே இருப்பதால் படத்தில் பெரும்பாலும் தெரியாது. வெயிலை எதிர்கொண்டு, அதுவும் வைட் ஆங்கிளில் துளையைச் சுருக்கி எடுத்தால்தான் தலைகாட்டும்.

இவ்வளவு சொன்னாலும் ஃபில்டரைத் தூக்கியெறியச் சொல்ல மாட்டேன். உப்புக்காற்று, பறக்கும் மணல், தெறிக்கும் சேறு, வெல்டிங் பொறி இவற்றின் எதிரில் ஹூட் உதவாது. தனுஷ்கோடியில் படமெடுத்துவிட்டு வந்து ஃபில்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவலாம். லென்ஸை அப்படிக் கழுவ முடியாது. கேனானின் 17-40 மி.மீ. எஃப்4 லென்ஸின் கையேடு, தூசியும் நீரும் புகாமலிருக்க முன்னால் ஃபில்டர் பொருத்த வேண்டும் என்றே சொல்கிறது. அத்தகைய இடங்களுக்காக ஒன்றைப் பையில் வைத்திருக்கலாம், பல்லடுக்குப் பூச்சுள்ளதாகப் பார்த்து. நீண்ட டெலிஃபோட்டோவில் மலிவான ஃபில்டரை மாட்டவே கூடாது. கண்ணாடியின் சிறு சமனின்மைகூட அங்கே படத்தின் கூர்மையைக் கெடுத்துவிடும்.