உயிரைப் பிடித்திருக்கும் போல்ட்டு

சேலையூர் மாணவர்களுக்கு விமானத்தின் இரைச்சல் புதிதன்று. அருகிலேயே இந்திய விமானப்படையின் தாம்பரம் நிலையம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கே அங்கு பயிற்சி அளிக்கிறார்கள். தொழிற்சாலையில் அன்றி, வீட்டிலேயே விமானம் கட்டுவோரும் உலகில் உண்டு. நம் நாட்டில் அமோல் யாதவ் என்ற விமானி, மும்பையில் தம் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டினார். 2017இல் அது முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

இப்படிக் கட்டுவோர் தாமே விடை காண வேண்டிய கேள்விகளுள் ஒன்று: இருக்கை வாரை விமானச் சட்டத்துடன் பிணைக்கும் போல்ட்டு எவ்வளவு பருமன் இருக்க வேண்டும்? பெரிதாகப் போட்டுவிட்டால் போயிற்று என்பீர்கள். பொறுங்கள், கணக்கிட்டுப் பார்ப்போம்.

எவ்வளவு விசை?

விமானம் மோதி நின்றாலும், நிலைமத்தால் விமானியின் உடல் முன்னோக்கியே செல்ல முயலும். அதை நிறுத்துவது வார். சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகள், புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 9 மடங்கை, அதாவது 9 ஜியை, அடிப்படையாகக் கொண்டன. 1988இல் 26 ஜி சோதனையும் சேர்ந்தது. மனித உடல் அதைத் தாங்குமா? 1954இல் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க மருத்துவர் ராக்கெட் வண்டியில் தம்மைக் கட்டிக்கொண்டு 46 ஜி வரை தாங்கிக் காட்டினார். வார் அறாததால் உயிர் பிழைத்தார்.

விமானியின் நிறை 80 கிலோகிராம் என்க. 26 ஜியில் விசை = 80 × 9.8 × 26 = சுமார் 20,400 நியூட்டன். இடுப்பு வாரின் இரு முனைகளும் இதைப் பகிர்ந்தால், முனைக்கு 10,200. வார் 45 பாகை சாய்ந்திருப்பதால் அதன் கிடைக்கூறு மட்டுமே உடலை நிறுத்தும். எனவே வாரின் இழுவிசை 10,200 ÷ 0.707 = சுமார் 14,400 நியூட்டன். 9 ஜிக்கு இதே கணக்கு சுமார் 5,000 நியூட்டன் தரும்.

எந்தப் போல்ட்டு?

வார் இழுக்கும்போது, கத்தரிக்கோல் நறுக்குவதுபோல் போல்ட்டின் மீது சறுக்குப்பெயர்ச்சி விசை செயல்படுகிறது. தலையில் சிலுவைக்குறி பொறித்த ஏ.என். வகை விமான எஃகுப் போல்ட்டு, சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 517 நியூட்டன் தாங்கும். ஏ.என். 3 என்றால் விட்டம் அங்குலத்தில் 16இல் 3 பங்கு, ஏ.என். 4 என்றால் 16இல் 4 பங்கு.

ஏ.என். 3: பரப்பு 17.8 சதுர மி.மீ.; தாங்குவது 9,200 நியூட்டன்.
ஏ.என். 4: பரப்பு 31.7 சதுர மி.மீ.; தாங்குவது 16,400 நியூட்டன்.

9 ஜிக்கு ஏ.என். 3 போதும், 26 ஜியில் அது அறுந்துவிடும். ஏ.என். 4 தாங்கும். மரை வெட்டிய பகுதி மெலிந்தது. ஆகவே வெட்டுப்படும் இடத்தில் மரையற்ற பகுதியே இருக்க வேண்டும்.

பெரிதானால் நல்லதா?

போல்ட்டு மாட்டும் எஃகுப் பட்டை 20 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் உடையது என்க. அது சதுர மில்லிமீட்டருக்கு 620 நியூட்டன் தாங்கட்டும். ஏ.என். 4க்கு 6.35 மி.மீ. துளையிட்டால், எஞ்சிய 13.65 மி.மீ. அகலம் 16,900 நியூட்டன் தாங்கும். ஏ.என். 6க்கு 9.5 மி.மீ. துளையிட்டாலோ 13,000 நியூட்டன்தான். தேவையோ 14,400! போல்ட்டு தடித்தது, பட்டை அறுந்தது. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே.

துளை விளிம்பை ஒட்டியிருந்தாலும் ஆபத்து. துளையின் மையம் விளிம்பிலிருந்து போல்ட்டு விட்டத்தைப்போல் இரு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும் என்பது பொறியாளர் விதி.

இதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு அட்டைத் துண்டுகளில் ஒன்றில் விளிம்பை ஒட்டியும், மற்றதில் தள்ளியும் துளையிடுங்கள். பென்சிலைச் செருகி, விளிம்பை நோக்கி இழுங்கள். எது முதலில் கிழிகிறது? ஏன்?